இரண்டாம் வகுப்புக்குப் படப்புத்தகம் தேர்ந்தெடுத்த கதை

எங்கள் வகுப்புக்கு நன்கொடையாக வந்தவை பெரும்பாலும் நீதிக்கதைகள். பக்கம் முழுக்கப் பொடி எழுத்து, மூலையில் தபால்தலை அளவில் ஒரு படம். பிள்ளைகள் புரட்டிவிட்டு வைத்துவிடுவார்கள்.

அப்புறம் ஒரு வழி பிடித்தேன். எழுத்தைக் கையால் மறைத்து, படத்தை மட்டும் காட்டி, "இங்க என்ன நடக்குது?" என்று கேட்பேன். பிள்ளைகளுக்குக் கதை சொல்ல வந்தால் அந்தப் புத்தகம் உள்ளே. இல்லையென்றால் எவ்வளவு வழவழப்பான தாளானாலும் வேண்டாம். வரிகள் அதிகமுள்ளவற்றை நான் வாசித்துக் காட்டத் தனியே வைத்தேன்.

காசில்லாத குறைக்கு பிரதம் புக்ஸ் பதிப்பகத்தின் ஸ்டோரிவீவர் என்ற இலவசக் கதை இணையதளம் கைகொடுத்தது. தமிழ்க் கதைகள் வாசிப்பு நிலைவாரியாக இருக்கின்றன. திறந்த உரிமம், அச்சிட்டுக்கொள்ளலாம். சில மொழிபெயர்ப்புகள் முறுக்கிக்கொள்ளும், வாய்விட்டு வாசித்துப் பார்த்தே எடுங்கள்.

அலமாரியில் அடுக்காமல், அட்டை தெரியக் கயிற்றில் தொங்கவிட்டோம். இப்போது கிழிசல் ஒட்ட செல்லோடேப்தான் அடிக்கடி வாங்க வேண்டியிருக்கிறது.