இருள்புல மைக்ரோஸ்கோப்: உப்பளத் தண்ணீரிலும் ஏலா (வயல்வெளி) தண்ணீரிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சாயம் ஏற்றாத பாக்டீரியாவையோ பாசியையோ சாதாரண வெளிச்சத்தில் பார்த்தால் பாதி கண்ணுக்கே தெரியாது. இருள்புலம், அதாவது டார்க் ஃபீல்டு முறையில் விளக்கின் நேர் வெளிச்சம் ஆப்ஜெக்டிவுக்குள் (மாதிரிக்கு அருகில் உள்ள லென்ஸுக்குள்) வராது. மாதிரியில் பட்டுச் சிதறும் ஒளி மட்டுமே வரும். அதனால் உயிருள்ள செல்கள் கருப்புப் பின்னணியில் பளிச்சென்று தெரியும். பின்னணி சாம்பல் நிறமாக இருந்தால், வரக்கூடாத வெளிச்சம் எங்கிருந்தோ வருகிறது என்று பொருள். முதலில் அதைத் தேடுங்கள்.

பெரும்பாலும் கோளாறு, மாதிரிக்குக் கீழே இருந்து ஒளியைக் குவிக்கும் கண்டென்சரில்தான் இருக்கும். பிரைட் ஃபீல்டு (சாதாரண வெளிச்ச முறை) பழக்கத்தில் அதன் ஐரிஸை, அதாவது ஒளி வரும் துவாரத்தை, சுருக்கி வைத்திருப்பார்கள். இங்கே அதை முழுவதும் திறக்க வேண்டும், ஏனென்றால் நமக்குத் தேவையான ஒளி ஓரத்திலிருந்துதான் வருகிறது. நடு ஒளியை மறைக்கக் கருப்பு அட்டையில் வட்டம் வெட்டி ஃபில்டர் வளையத்தில் வைப்பவர்கள், 10எக்ஸ் லென்ஸுக்கு வெட்டியதையே 40எக்ஸுக்கும் வைத்துவிடுகிறார்கள். 40எக்ஸின் நியூமரிக்கல் அபர்ச்சர் (லென்ஸ் எவ்வளவு அகலக் கோணத்து ஒளியை ஏற்கும் என்பதைக் காட்டும் எண்) பொதுவாக 0.65, 10எக்ஸுக்கு 0.25, ஆகவே வட்டம் பெரிதாக வேண்டும். ஐபீஸைக் கழற்றிவிட்டுக் குழாய்க்குள் பாருங்கள். ஆப்ஜெக்டிவின் பின்பக்கம் முழுவதும் இருட்டாக இருந்தால் வட்டம் சரி.

100எக்ஸ் ஆயில் லென்ஸில் அட்டை வித்தை பலிக்காது. அதன் அபர்ச்சர் 1.25. காற்றில் இருக்கும் கண்டென்சரால் அதைத் தாண்டிய கோணத்தில் ஒளி தர முடியாது. உள்ளேயே ஐரிஸ் உள்ள ஆப்ஜெக்டிவும், ஆயில் டார்க் ஃபீல்டு கண்டென்சரும் வேண்டும். ஆயிலை லென்ஸுக்கு மட்டும் வைத்துவிட்டு, கண்டென்சருக்கும் ஸ்லைடுக்கும் நடுவில் வைக்க மறந்தால் படம் வராது. அந்த இடத்தில் ஒரு குமிழி இருந்தாலும் போதும், எல்லாம் கெட்டுவிடும்.

ஸ்லைடில் தூசி, கீறல், விரல்ரேகை எல்லாமே ஒளிரும். சொட்டு தடிமனாக இருந்தால் மேலும் கீழும் உள்ளவற்றின் ஒளி சேர்ந்து பின்னணி வெளுக்கும். சிறிய சொட்டு, சுத்தமான ஸ்லைடு, 0.17 மில்லிமீட்டர் கவர்ஸ்லிப். அவ்வளவுதான்.

நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் உப்பளத் தண்ணீருக்குத் தனிக் கவனம் வேண்டும். புத்தளம் பக்கம் எடுத்த மாதிரியில் செல்கள் நெருக்கமாக இருக்கின்றன என்று குழாய்த் தண்ணீர் விட்டுக் கலக்காதீர்கள். உப்பளங்களில் வாழும் டுனலியெல்லா பாசிக்கு உறுதியான செல்சுவர் கிடையாது. நல்ல தண்ணீர் பட்டதும் உப்பி வெடிக்கும், நீங்கள் பார்ப்பது சிதறிய துணுக்குகளைத்தான். அதே பாத்தியின் தண்ணீரை வடிகட்டி அதில் கலக்குங்கள். இன்னொன்று, டார்க் ஃபீல்டுக்கு விளக்கை நன்றாக ஏற்ற வேண்டியிருப்பதால் ஓரம் சீக்கிரம் காயும். உப்புப் படிகங்கள் எதையும்விடப் பிரகாசமாக ஒளிர்ந்து கேமராவைத் திணற வைக்கும். கவர்ஸ்லிப் ஓரத்தில் வாஸ்லின் தடவி அடைத்துவிடுங்கள். மணக்குடி காயல் தண்ணீருக்கும் இது பொருந்தும். அப்புறம், கேமராவை ஆட்டோ எக்ஸ்போஷரில் விடக்கூடாது. பெரும்பகுதி கருப்பாக இருப்பதால் அது வெளிச்சத்தைக் கூட்டும், செல்களெல்லாம் வெறும் வெள்ளைப் பொட்டுகளாகிவிடும்.

பார்ப்பது கைவந்தபின் வரும் தவறுகள் இதைவிடப் பெரியவை. ஒளிர்வதெல்லாம் உயிர் அல்ல, அசைவதெல்லாம் நீந்துவதும் அல்ல. மண்துகள்கூட, நீர் மூலக்கூறுகள் மோதுவதால் வரும் பிரௌனிய இயக்கத்தில் இடைவிடாமல் நடுங்கும். ஒரே திசையில் நகர்ந்து, பக்கத்துத் துகளைத் தாண்டிப் போகிறதா என்று பாருங்கள். ஒளிக்கோட்டின் அகலத்தை அளந்து செல்லின் தடிமன் என்று எழுதவும் கூடாது. லெப்டோஸ்பைரா என்ற சுருள் பாக்டீரியா சுமார் 0.1 மைக்ரான் தடிமன்தான். அது கண்ணில் படுகிறதே தவிர, அதன் உண்மையான அகலம் படத்தில் பதிவதில்லை.

லெப்டோஸ்பைரா என்றதும் அது உண்டாக்கும் மழைக்காலத்து எலிக்காய்ச்சல் நினைவுக்கு வரும். ஏலாவிலோ குளத்திலோ எடுத்த தண்ணீரில் சுருள் பாக்டீரியா தெரிந்தால் உடனே பயத்தைப் பரப்பாதீர்கள். நோய் தராமல் தண்ணீரிலேயே வாழும் லெப்டோஸ்பைரா இனங்களும் உண்டு. தோற்றத்தை வைத்து இரண்டையும் பிரிக்க முடியாது. நோயாளியின் ரத்தத்தை நேரடியாக வைத்துப் பார்த்து முடிவு சொல்வது இன்னும் ஆபத்து. ஃபைப்ரின் இழைகளும் சிவப்பணுவிலிருந்து பிய்ந்த நூல்களும் அதைப்போலவே நெளியும், இல்லாத நோயை இருப்பதாகக் காட்டும். மறுபக்கம், ஒரு மில்லிலிட்டரில் சுமார் 10,000 கிருமிகள் இருந்தால்தான் ஒரு பார்வைப் புலத்துக்கு ஒன்றாவது தென்படும். எனவே தெரியவில்லை என்பதாலும் நோய் இல்லை என்று ஆகாது. ஆய்வகங்களில் இந்த நோய்க்கு டார்க் ஃபீல்டு பயன்படும் முக்கியமான இடம் மேட் (MAT) பரிசோதனை, அதாவது கிருமிகள் ஒட்டுவதை மைக்ரோஸ்கோப்பில் பார்க்கும் சோதனை. நோயாளியின் சீரத்தை (ரத்தத்தின் தெளிந்த நீர்ப்பகுதியை) உயிருள்ள லெப்டோஸ்பைராவோடு கலந்து, கிருமிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றனவா என்று பார்ப்பார்கள். சீரம் சேர்க்காத கலவையோடு ஒப்பிட்டு, சீரத்தை நீர்த்துக்கொண்டே போகும்போது பாதிக் கிருமிகளாவது ஒட்டியிருக்கும் கடைசி நீர்ப்பு எது என்று குறித்துக்கொள்வார்கள்.