சேலை விரிப்பு சுருங்காமல் தைத்த விதம்

அம்மாவின் பழைய சுங்குடிச் சேலைகளை மூன்று அடுக்காக வைத்துப் பேத்திக்கு விரிப்பு தைத்தேன். மெஷினில் ஓட்ட ஓட்ட மேல்துணி என் பக்கமே தள்ளிக்கொண்டு வந்து, ஓரத்தில் கொசுவம் மாதிரி குவிந்தது. நூலை மாற்றினேன், நூலை இறுக்கும் டென்ஷனைத் திருகினேன்; பலனில்லை.

ஊசிக்குக் கீழே இருக்கும் பல் அடித்துணியைத்தான் பின்னால் இழுக்கிறது. மேல்துணியை ஊசியைச் சுற்றியுள்ள உலோகப் பாதம் அழுத்திப் பிடித்துக்கொள்கிறது. அடுக்கு கூடக் கூட இந்த இழுபறியும் கூடும்.

தைத்ததைப் பிரித்து, அடிச்சேலையைத் தரையில் இழுத்து விரித்து, நான்கு மூலையிலும் அம்மிக்குழவி, அரிசி டப்பா என்று கனம் வைத்தேன். மற்றவற்றை அதன்மேல் நீவிப் பரப்பி, நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, நாலு விரல் இடைவெளியில் வெள்ளை நூலால் கையால் நீளத் தையல் போட்டேன். முதுகு வலிக்கும், ஆனால் இதைத் தவிர்க்கவே கூடாது. பிறகு மெஷின் தலையில் பாதத்துக்கு நேர் மேலே உள்ள திருகைக் கொஞ்சம் தளர்த்தி அழுத்தத்தைக் குறைத்து, 16ஆம் நம்பர் தடித்த ஊசி மாட்டி, தையலை நீளமாக்கி, நடுக்கோட்டில் தொடங்கினேன். துணி ஒரே தகடாக நகர்ந்தது!

உள்ளே பாலியஸ்டர் மட்டும் வேண்டாம். குழந்தைக்கு வேர்த்துக் கொட்டும்.