சின் பேரரசின் எழுச்சியையும் வீழ்ச்சியையும் வகுப்பில் நடத்தும் முறை

திருநெல்வேலிச் சீமையின் பள்ளிகளில் வரலாறு கற்பிப்போருக்காகவும், நூலக வாசகர் வட்டங்களில் உலக வரலாற்றை எடுத்துப் பேச முன்வருவோருக்காகவும் இதை எழுதுகிறேன். கி.மு. 221 முதல் கி.மு. 206 வரை, பதினைந்தே ஆண்டுகள் சீனாவை ஒரு குடைக்கீழ் ஆண்ட சின் அரசமரபு, வகுப்பறையில் பெரும்பாலும் ஒரு கொடுங்கோலரின் கதையாகவே முடிந்துபோகிறது. ஒரு மன்னர் ஆறு நாடுகளை வென்றார், நெடுஞ்சுவர் எழுப்பினார், நூல்களை எரித்தார், சுடுமண் வீரர்களோடு புதைக்கப்பட்டார், மக்கள் கொதித்தெழுந்தார்கள் என்று சொல்லி முடித்துவிடுகிறோம். இவற்றில் பெரும் பிழை எதுவும் இல்லை. ஆனால் அந்த நாடு ஏன் வென்றது, வென்றதை ஏன் காக்க முடியவில்லை என்னும் இரண்டு கேள்விகளுக்கும் இந்தச் சொல்முறையில் விடை கிடைப்பதில்லை. என் பார்வையில் இரண்டுக்கும் விடை ஒன்றுதான். குடியானவர் ஒவ்வொருவரின் உழைப்பையும் பேரேட்டில் ஏற்றி, அரசின் தேவைக்குத் திருப்பிவிடும் நிர்வாகமே சின் நாட்டை உயர்த்தியது. போர்கள் முடிந்த பிறகும் அதே நிர்வாகம் அதே வேகத்தில் ஓடியது அதை வீழ்த்தியது. பாடம் முழுவதையும் இந்த ஒரு கருத்தின் மேல் கட்டினால் இரண்டு வகுப்பு வேளைகள் போதுமானவை.

எங்கே தொடங்குவது

கி.மு. 221இல் தொடங்காதீர்கள். அது எழுச்சியின் முடிவு. கரும்பலகையில் முதலில் எழுத வேண்டிய ஆண்டு கி.மு. 356. அப்போது சீனா ஒன்றோடொன்று போரிட்டுக்கொண்டிருந்த பல நாடுகளாகச் சிதறிக் கிடந்தது. அவற்றில் மேற்கு ஓரத்தில், வெய் ஆற்றுப் பள்ளத்தாக்கில் இருந்த சின் நாட்டைக் கிழக்கத்தியர் நாகரிகம் குறைந்ததாகக் கருதினார்கள். அங்கே ஷியாவ் கோமானின் அமைச்சராக வந்த ஷாங் யாங் என்பவர் அந்த ஆண்டில்தான் தம் சீர்திருத்தங்களைத் தொடங்கினார். குடும்பங்கள் ஐந்தைந்தாகவும் பத்துப் பத்தாகவும் பதிவு செய்யப்பட்டன. ஒருவரின் குற்றத்தை மறைத்தால் குழுவிலுள்ள மற்றவர்களும் தண்டனைக்கு உள்ளானார்கள். வளர்ந்த ஆண்கள் இருவர் ஒரே வீட்டில் பிரியாமல் இருந்தால் வரி இரட்டிப்பாகும் என்று விதித்ததால் கூட்டுக் குடும்பங்கள் சிறு உழவுக் குடும்பங்களாகப் பிரிந்தன. போரில் எதிரியின் தலையைக் கொண்டுவந்தவருக்குப் படிநிலைப் பட்டமும் நிலமும் கிடைத்தன. போர்ச் சாதனை இல்லாத அரச குலத்தவர் தம் தகுதியை இழந்தார்கள். கி.மு. 350இல் தலைநகர் ஷியான்யாங்குக்கு மாறியது.

கி.மு. 338இல் கோமான் இறந்ததும் ஷாங் யாங்கின் பகைவர்கள் அவரைக் கொன்றார்கள், ஆனால் அவருடைய சட்டங்களை ஒழிக்கவில்லை. இந்தச் செய்தியை அழுத்திச் சொல்லிவிட்டு மேலே செல்லுங்கள். பாடத்தின் இறுதியில் இது மீண்டும் தேவைப்படும்.

நம் மாணவர்களுக்குக் காலத்தைப் பிடித்துக்கொள்ள ஒரு கொம்பு வேண்டும். பிற்காலத்தில் முதல் பேரரசராகப் போகும் யிங் ஜெங் பதின்மூன்று வயதில் சின் நாட்டின் அரியணை ஏறியபோது, இங்கே மகதத்தில் அசோகர் ஆண்டுகொண்டிருந்தார். அந்த அசோகரின் பாறைக் கல்வெட்டுகளில் தம் எல்லைக்கு அப்பாலுள்ளவர்களாகச் சோழரும் பாண்டியரும் குறிப்பிடப்படுகிறார்கள். பாண்டியர் என்ற பெயரைக் கேட்டதும் கொற்கையை அறிந்த பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

கால்வாயை வைத்து அரசை விளக்குதல்

முதல் வேளையின் பெரும்பகுதியைப் போர்களுக்குக் கொடுக்காமல் நீருக்குக் கொடுங்கள். சின் நாடு கி.மு. 316இல் தெற்கே ஷு பகுதியை, அதாவது இன்றைய சிச்சுவான் சமவெளியைக் கைப்பற்றியது. அங்கே ஆளுநராக இருந்த லி பிங், கி.மு. 256ஐ ஒட்டிய ஆண்டுகளில் மின் ஆற்றை உயர்ந்த அணையால் மறிக்காமல், ஆற்றின் நடுவே கரையெழுப்பி நீரைப் பிரித்து வயல்களுக்குத் திருப்பினார். துஜியாங்யான் எனப்படும் அந்த அமைப்பு இன்றும் பாசனம் தருகிறது. அடுத்தது ஜெங் குவோ கால்வாய். பக்கத்து நாடான ஹான், சின் நாட்டின் ஆள்பலத்தை வீணடிப்பதற்காக ஜெங் குவோ என்ற நீரியல் வல்லுநரை அனுப்பி, பெருங்கால்வாய் ஒன்றை வெட்டும்படி சின் மன்னரைத் தூண்டியதாகவும், பாதி வேலையில் சூழ்ச்சி வெளிப்பட்டபோது, "ஒற்றனாக வந்தது உண்மை; ஆனால் கால்வாய் முடிந்தால் பயன் சின் நாட்டுக்கே" என்னும் பொருள்பட அவர் வாதிட்டு உயிர் தப்பியதாகவும் சீமா சியான் என்ற வரலாற்றாசிரியர் எழுதுகிறார். கி.மு. 246இல் தொடங்கிய அந்தக் கால்வாய் முடிந்ததும் உவர்நிலம் விளைநிலமாயிற்று, படைக்குச் சோறு கிடைத்தது. பகைவரின் சூழ்ச்சியையே தன் களஞ்சியமாக மாற்றிக்கொண்ட நாடு என்பதை விளக்க இதைவிட நல்ல நிகழ்ச்சி இல்லை.

கதை சொன்னதோடு நிறுத்திவிடாதீர்கள். கல்லிடைக்குறிச்சி, வீரவநல்லூர், சேரன்மாதேவிப் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கன்னடியன் கால்வாய் தெரியும்; கார் சாகுபடிக்கும் பிசானத்துக்கும் எப்போது தண்ணீர் திறப்பார்கள் என்று வீட்டில் பேசிக் கேட்டிருப்பார்கள். அந்தக் கால்வாயை ஒரே கோடையில் தூர்வார வேண்டுமானால் எத்தனை பேர் வேண்டும், அவர்களை எந்த ஊரிலிருந்து யார் அழைப்பது, யார் சோறு போடுவது, வராதவர் பெயரை யார் குறித்துக்கொள்வது என்று வரிசையாகக் கேளுங்கள். நம் பக்கத்தில் பழைய குடிமராமத்து முறையில் ஊரார் தம் ஊர் மடைக்குத் தாமே பொறுப்பேற்றார்கள். சின் நாட்டில் ஊரின் இடத்தில் அரசு அலுவலகம் இருந்தது. மராமத்து வேலைக்கு ஆள் சேர்த்த அதே பேரேடு போருக்கும் ஆள் சேர்த்தது. மாணவர்கள் இந்த வேறுபாட்டைத் தாமாகவே சொல்லும்வரை காத்திருங்கள். முதல் வேளையின் நோக்கம் அதுவே.

போர்களை இதன் பிறகு விரைவாகச் சொல்லலாம். கி.மு. 260இல் சாங்பிங்கில் ஜாவ் நாட்டுப் படை அழிந்தது. அங்கே நான்கு லட்சம் பேர் கொல்லப்பட்டதாகச் சொல்லப்படும் எண்ணிக்கையை ஏட்டுச் செய்தியாக மட்டும் தாருங்கள். பிறகு ஹான் 230, ஜாவ் 228, வெய் 225, சூ 223, யான் 222, சி 221 என்று ஆறு நாடுகளும் ஒன்பது ஆண்டுகளில் விழுந்தன. இங்கே வீழ்ந்த ஹான் நாடும், பின்னால் வரும் ஹான் பேரரசும் தமிழில் ஒரே எழுத்தாக இருந்தாலும் வெவ்வேறானவை என்பதை அப்போதே சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் விடைத்தாளில் குழப்பம் வரும்.

மூன்று குரல்களில் கேட்டல்

இரண்டாம் வேளையை மூன்று வகைச் சான்றுகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். முதலாவது பேரரசரின் சொந்தக் குரல். அவர் நாடு முழுவதும் சுற்றுப்பயணம் சென்று, தாய் மலை போன்ற இடங்களில் தம் புகழைக் கல்லில் பொறித்துவைத்தார்: உலகம் அமைதியுற்றது, அளவைகள் ஒன்றாயின, ஆண்களும் பெண்களும் ஒழுங்கில் நின்றார்கள் என்னும் போக்கில் அவை செல்கின்றன. நம் கோயில் சுவர்களில் சோழ, பாண்டிய மன்னர்களின் மெய்க்கீர்த்திகளைப் படித்த ஆசிரியருக்கு இந்த வகைப் பேச்சு புதிதல்ல. மெய்க்கீர்த்தியை எவ்வளவு நம்பலாமோ அவ்வளவே இதையும் நம்பலாம். ஆனால் முப்பத்தாறு மண்டலங்கள், ஒரே எழுத்து முறை, ஒரே எடை, ஒரே முகத்தலளவை, நடுவில் சதுரத் துளையிட்ட ஒரே வகைச் செப்புக்காசு, ஒரே அச்சு அகலமுள்ள வண்டிகள் என்ற செய்திகள் வெறும் புகழுரையல்ல. அரசாணை பொறித்த எடைக்கற்களும் அளவைக் கலங்களும் மண்ணிலிருந்து கிடைத்திருக்கின்றன.

இரண்டாவது வென்றவர்களின் குரல். சீமா சியான், சின் வீழ்ந்து ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்குப் பிறகு, சின் நாட்டை அகற்றி வந்த ஹான் பேரரசில் இருந்து எழுதினார். அவர் ஆழ்ந்த நேர்மையுள்ள எழுத்தாளர் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனாலும் அவருக்குக் கிடைத்த சான்றுகளில் பல, சின் ஆட்சியைத் தீமையின் எடுத்துக்காட்டாகக் காட்ட விரும்பியவர்களிடமிருந்து வந்தவை. கி.மு. 213இல் அமைச்சர் லி ஸியின் யோசனைப்படி நூல்கள் எரிக்கப்பட்டதையும், மறு ஆண்டு ஷியான்யாங்கில் நானூற்று அறுபதுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டதையும் நாம் அவர் வழியாகவே அறிகிறோம். மருத்துவம், குறி பார்த்தல், வேளாண்மை பற்றிய நூல்கள் விலக்குப் பெற்றன என்பதையும் அவரே எழுதியிருக்கிறார். அதைச் சொல்லாமல் விடக்கூடாது.

மூன்றாவது எழுத்தரின் குரல், எனக்கு மிகவும் பிடித்தது. 1975இல் ஹூபேய் மாநிலத்தின் ஷுயிஹூதி என்ற இடத்தில் ஒரு கல்லறையைத் திறந்தபோது, ஷி என்ற சிறு அதிகாரியின் உடலைச் சுற்றி ஆயிரத்துக்கும் மேற்பட்ட மூங்கில் சுவடிகள் வைக்கப்பட்டிருந்தன. கி.மு. 217 வாக்கில் இறந்த அவர் தம் அலுவலகச் சட்டங்களோடு புதைக்கப்பட்டிருந்தார். 2002இல் ஹூனானின் லியே என்ற ஊரில் ஒரு பழங்கிணற்றிலிருந்து பல்லாயிரம் அலுவலகச் சுவடிகள் கிடைத்தன. சுடுமண் வீரர்களுக்கு (1974இல் கிணறு தோண்டிய உழவர்கள் கண்டெடுத்தவை) ஐந்து நிமிடம் போதும். இந்தச் சுவடிகளுக்கு அரை வேளையை ஒதுக்குங்கள்.

ஏனெனில் வீழ்ச்சியின் முதல் காட்சியை இவற்றை வைத்துத்தான் ஆராய முடியும். கி.மு. 209இல் சென் ஷெங், வூ குவாங் என்ற இருவர், எல்லைக்காவலுக்குச் செல்லும் தொள்ளாயிரம் பேரில் இருந்தார்கள். பெருமழையால் வழி அடைபட்டது. குறித்த நாளில் போய்ச் சேராவிட்டால் மரணதண்டனை. ஆகவே, எப்படியும் சாவுதான் என்று கிளர்ந்தெழுந்தார்கள் என்பது சீமா சியானின் கூற்று. ஷுயிஹூதிச் சுவடியிலுள்ள கட்டாய உழைப்புச் சட்டமோ, மூன்று முதல் ஐந்து நாள் தாமதத்துக்குக் கண்டனம், ஆறு முதல் பத்து நாளுக்கு ஒரு கேடயத்தின் விலை தண்டம், அதற்கு மேல் ஒரு கவசத்தின் விலை என்று வகுத்து, மழை வெள்ளம் வந்தால் அந்த வேலையே தள்ளுபடி என்றும் சொல்கிறது. இரண்டையும் அச்சிட்டு மாணவர்களிடம் கொடுத்து, யார் சொல்வது உண்மை என்று விவாதிக்க விடுங்கள். "சீமா சியான் பொய் சொன்னார்" என்று ஒரு மாணவர் உடனே முடிவுக்கு வருவார். அப்போது, சட்டம் உழைப்புப் பணிக்கானது, சென் ஷெங் சென்றது படைப்பணிக்கு. சுவடி முதல் பேரரசரின் காலத்தது, கிளர்ச்சி அவர் மகனின் காலத்தது. தவிர, கிளர்ச்சித் தலைவர் தம் ஆட்களைத் திரட்ட அச்சத்தைப் பெரிதாக்கியும் பேசியிருக்கலாம் என்று மூன்று வழிகளையும் எடுத்துவையுங்கள். தீர்ப்பு சொல்ல வேண்டியதில்லை.

வீழ்ச்சியின் நிகழ்ச்சிகள்

கி.மு. 210இல் பேரரசர் சுற்றுப்பயணத்தில் இறந்தார். லி ஸியும் அரண்மனை அதிகாரி ஜாவ் காவும் சாவை மறைத்து, பிணவாடை தெரியாதிருக்கக் கருவாட்டு வண்டியை உடன் ஓட்டி, போலி ஆணையால் மூத்த மகன் ஃபூசூவைத் தற்கொலை செய்யவைத்து, இளையவர் ஹூஹாயை அரியணையில் ஏற்றினார்கள் என்பது மரபுவழிச் செய்தி. மாணவர்கள் இதை விரும்பிக் கேட்பார்கள். கேட்கட்டும், ஆனால் வீழ்ச்சிக்கு அரண்மனைச் சூழ்ச்சி மட்டுமே காரணம் என்று எழுதவிடாதீர்கள். வடக்கே தளபதி மெங் தியானின் படையும் சுவரும், தெற்கே படையெடுப்பும் அதற்கென வெட்டிய லிங்சூ கால்வாயும், லிஷானில் பேரரசரின் கல்லறையும், அரண்மனைகளும், நெடுஞ்சாலைகளும் ஒரே சமயத்தில் ஆள் கேட்டன. கேட்டதைக் கொடுக்கும் பேரேடு அதிகாரிகளின் கையில் இருந்தது. நிறுத்தச் சொல்லும் குரல் எங்கும் இல்லை. பின்னாளில் ஹான் பேரரசை நிறுவிய லியூ பாங், சின் ஆட்சியில் ஊர்க்காவல் பொறுப்பிலிருந்த கீழ்நிலை ஊழியர். லிஷானுக்கு அவர் அழைத்துச் சென்ற கைதிகள் வழியில் தப்பியோட, எஞ்சியவர்களை அவரே அவிழ்த்துவிட்டுத் தலைமறைவானார். ஆட்சியின் கடைக்கோடி ஊழியரே ஓடிப்போன இந்தச் செய்திக்குத்தான் நான் அதிக எடை தருவேன்.

சென் ஷெங் ஆறு மாதங்களில் தம் வண்டியோட்டியாலேயே கொல்லப்பட்டார். ஆயினும் பழைய ஆறு நாடுகளின் பெயர்கள் மீண்டும் எழுந்தன. கி.மு. 207இல் கிளர்ச்சிப் படைத் தலைவர் ஷியாங் யூ ஜூலூவில் சின் படையை முறித்தார். அதே ஆண்டில் ஹூஹாய் இறக்கும்படி செய்யப்பட்டார். அடுத்து வந்த ஸியிங் ஜாவ் காவைக் கொன்று, நாற்பத்தாறு நாள் ஆண்டு, லியூ பாங்கிடம் சரணடைந்தார். பிறகு வந்த ஷியாங் யூ ஸியிங்கைக் கொன்று அரண்மனைகளுக்குத் தீ வைத்தார்.

தீ வைப்பதற்கு முன்பு நடந்த ஒன்றைப் பாடத்தின் கடைசிச் செய்தியாக வைத்துக்கொள்ளுங்கள். ஷியான்யாங்குக்குள் நுழைந்தபோது மற்றவர்கள் பொன்னையும் பட்டையும் தேடி ஓட, லியூ பாங்கின் உதவியாளர் ஷியாவ் ஹ, அரசு அலுவலகத்தில் இருந்த சட்டங்கள், வரைபடங்கள், குடிப்பதிவேடுகளை எடுத்துக்கொண்டார். கி.மு. 202இல் லியூ பாங் பேரரசரானபோது ஹான் அரசின் சட்டத்தை அமைத்தவர் இவரே. 1983இல் ஜாங்ஜியாஷானில் கிடைத்த, கி.மு. 186ஐச் சேர்ந்த ஹான் சட்டச் சுவடிகள் சின் சட்டத்தோடு பல இடங்களில் ஒத்துப்போகின்றன. ஆனால் லியூ பாங் நாட்டின் கிழக்குப் பகுதியைச் சிற்றரசர்களுக்குப் பிரித்துக் கொடுத்தார். உடலுறுப்பைச் சிதைக்கும் தண்டனைகள் பலவும் கி.மு. 167இல் நீக்கப்பட்டன. ஷாங் யாங்கைக் கொன்றவர்கள் அவர் சட்டத்தை வைத்துக்கொண்டதை இப்போது நினைவூட்டினால், மாணவர்களே இரண்டையும் இணைத்துப் பேசுவார்கள்.

தேர்வுக்கு "சின் பேரரசு வீழ்ந்த காரணங்களை விவரி" என்று கேட்பதைத் தவிருங்கள்; மனப்பாடம் செய்த ஐந்து காரணங்களே திரும்பி வரும். "சின் ஆட்சியை வெறுத்த ஹான் அரசர்கள் அதன் பதிவேடுகளை ஏன் காத்தார்கள்? ஒரு கல்வெட்டு அல்லது சுவடிச் சான்றையும், ஒரு வரலாற்று நூல் சான்றையும் காட்டி எழுதுக" என்று கேளுங்கள். மதிப்பெண்ணில் பாதியைச் சான்றின் தன்மையை மாணவர் எடைபோட்ட விதத்துக்கு ஒதுக்குங்கள். ஆண்டுகளில் ஓரிரண்டு பிசகினாலும் அதற்காக அதிகம் குறைக்க வேண்டாம்.