சப் பேனலில் அந்தப் பச்சை ஸ்க்ரூவைப் போடாதீர்கள்

அமெரிக்காவில் வீடு வாங்கி, கராஜில் ரம்பமும் கம்ப்ரசரும் ஓட்ட ஒரு சப் பேனல் (மெயின் பேனலிலிருந்து கரன்ட் எடுக்கும் துணை பிரேக்கர் பெட்டி) போடப்போகிறவர்களுக்கு இது. முதலில் பெர்மிட் வாங்கிவிடுங்கள். அப்புறம், மெயின் பிரேக்கரை அணைத்தாலும் மீட்டரிலிருந்து வரும் தடித்த ஒயர்களில் கரன்ட் இருந்துகொண்டேதான் இருக்கும், அந்தப் பக்கம் கையே போகக்கூடாது.

பலரும் கோட்டை விடுவது நியூட்ரலில். மெயின் பேனலைத் திறந்தால் வெள்ளை ஒயரும் வெறும் செம்பு ஒயரும் ஒரே பாரில் (ஒயர்களை முடுக்கும் உலோகப் பட்டை) சேர்ந்து கிடக்கும், அதைப் பார்த்துவிட்டு இங்கேயும் அப்படியே முறுக்கிவிடுகிறார்கள். வெள்ளையான நியூட்ரலும் வெறும் செம்பான கிரவுண்டும் (ஊரில் எர்த் என்போமே, அதுதான்) சேரவேண்டியது மெயின் டிஸ்கனெக்ட் (வீட்டின் மொத்த கரன்ட்டையும் அணைக்கும் ஸ்விட்ச்) இருக்கும் ஒரே இடத்தில். சப் பேனலிலும் சேர்த்தால், திரும்பிப் போகிற கரன்ட் நியூட்ரலோடு நிற்காமல் கிரவுண்ட் ஒயர், பெட்டியின் தகரம், இரும்புக் குழாய் என்று கிடைத்த வழியிலெல்லாம் பிரிந்து ஓடும். விளக்கு எரியும், மிஷின் ஓடும், எதுவும் தெரியாது. ஃபீடரின் (மெயினிலிருந்து சப் பேனலுக்கு வரும் கேபிள்) நியூட்ரல் கழன்று, கிரவுண்ட் ஜாயின்ட்டும் லூசாக இருக்கிற நாளில் பெட்டியைத் தொட்டால்தான் தெரியும்.

ஃபீடருக்கு நான்கு ஒயர் வேண்டும். 6/3 (6 கேஜ் தடிமன், கிரவுண்ட் தவிர மூன்று ஒயர்) செம்பு கேபிளில் கறுப்பு, சிவப்பு, வெள்ளை, வெறும் செம்பு என நான்கும் இருக்கும், வீட்டுக்குள் போடும் சாதாரண ரகத்துக்கு 55 ஆம்ப் வரைதான் கணக்கு. கரன்ட் கொண்டுவரும் ஹாட் ஒயர்களான கறுப்பும் சிவப்பும் இரண்டு லக்குகளுக்கு (தடித்த ஒயரை முடுக்கும் முனைகள்), வெள்ளை நியூட்ரல் பாருக்கு, செம்பு கிரவுண்ட் பாருக்கு. கிரவுண்ட் பார் பெரும்பாலும் பெட்டியோடு வராது. கதவின் லேபிளில் போட்டிருக்கும் மாடலை வாங்கி, அதற்கென்று விட்ட துளையில் தகரத்தோடு சேர்த்து முடுக்குங்கள். பெட்டியோடு வந்த பச்சை ஸ்க்ரூ அல்லது பட்டைதான் நியூட்ரலைத் தகரத்தோடு இணைப்பது, அதைப் பையிலேயே விட்டுவிடுங்கள், ஏற்கெனவே மாட்டியிருந்தால் கழற்றுங்கள்.

நியூட்ரல் பாரில் ஒரு ஸ்க்ரூவுக்கு ஒரு வெள்ளை ஒயர்தான். ஜிஎஃப்சிஐ பிரேக்கர் (கரன்ட் கசிந்தால் தானாக அணைவது) என்றால் சர்க்யூட்டின் வெள்ளை பிரேக்கருக்குள் போகும், பிரேக்கரிலிருந்து வரும் சுருள் வால் பாருக்குப் போகும். இதை மாற்றிப் போட்டுவிட்டு பிரேக்கர் ரிப்பேர் என்று கடைக்குத் திருப்பிக் கொடுக்கிறவர்கள் உண்டு.

கராஜ் வீட்டோடு ஒட்டாமல் தனியாக நின்றால் அங்கே கிரவுண்ட் ராடும் (மண்ணுக்குள் இறக்கும் உலோகக் கம்பி) அடிக்கவேண்டும், அதன் ஒயர் போவது கிரவுண்ட் பாருக்கு. அந்த மாதிரிக் கட்டடத்துக்கு மூன்று ஒயர் போதும் என்ற வழக்கமெல்லாம் 2008-ம் வருட தேசிய மின் விதிகளோடு (கோட்) போய்விட்டது, பழைய வீடியோவைப் பார்த்து ஏமாறாதீர்கள்.

சோதனையை ஃபீடரின் வெள்ளையை மாட்டும் முன்பே, கரன்ட் இல்லாதபோது செய்யவேண்டும். மல்டிமீட்டரை கன்டினியூட்டியில் வைத்து நியூட்ரல் பாரையும் பெட்டித் தகரத்தையும் தொடுங்கள். பீப் அடிக்கக்கூடாது. அடித்தால் எங்கோ வெள்ளையும் செம்பும் ஒட்டியிருக்கிறது, ஏதோ ஒரு அவுட்லெட்டுக்குள்ளேகூட இருக்கலாம். வெள்ளையை மாட்டிய பிறகு பார்த்தால் எப்படியும் அடிக்கும், மெயினில் இரண்டும் சேர்ந்திருக்கிறதே.

எல்லாவற்றையும் லேபிளில் சொன்ன டார்க்குக்கு (இறுக்க அளவு) முடுக்கி, மூடி, கரன்ட் கொடுத்துப் பாருங்கள்: இரண்டு ஹாட்டுக்கும் நடுவே சுமார் 240 வோல்ட், ஒவ்வொன்றுக்கும் நியூட்ரலுக்கும் 120. ஒரு பக்கம் ஹீட்டரை ஓட்டியபடி பார்க்கும்போது ஒன்று 90, மற்றது 150 என்று ஆடினால் நியூட்ரல் பிடிக்கவில்லை, சார்ஜர் எதுவும் புகைவதற்கு முன் மெயினை அணைத்து அந்த வெள்ளை ஒயரின் இரண்டு முனையையும் பாருங்கள்.