பாசித் தொட்டியும் 11 மணி வெயிலும்

எங்கள் இறால் பொரிப்பகத்தில் புதிதாகச் சேர்ந்த இரண்டு பையன்கள், உள்ளறையில் வளர்ந்த, இறால் குஞ்சுகளுக்குத் தீனியான கீட்டோசெரஸ் பாசியைக் காலை 11 மணிக்குக் கேன் கேனாக வெளித் தொட்டிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். முதல் வருடத்தில் நானும் அப்படித் தூக்கிக்கொண்டு போனவன்தான். கேனைக் கழுவு, உப்பு அளவைப் பார் என்று சொல்லித்தர ஆள் இருக்கிறார்கள். வெளிச்சத்தைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறப்பதில்லை. அதில் நாம் செய்யும் தவறுகளை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

உச்சி வெயிலில் இடம் மாற்றுவது

உள்ளறை டியூப் லைட்டில் பாசிக்குக் கிடைப்பது சுமார் 5,000 லக்ஸ். வெளியே நண்பகலில் 1 லட்சம் லக்ஸ்.

மங்கலான வெளிச்சத்தில் வளரும் செல், வருகிற ஒளியில் ஒரு துளியும் வீணாகக் கூடாதென்று நிறமியை வாரிச் சேர்த்து வைத்திருக்கும். கேன் அடர் பழுப்பாக, பார்க்கவே ஆசையாக இருப்பது அதனால்தான். வெயிலுக்குப் போனதும் அந்தச் சேமிப்பே வினையாகிறது. செரிக்க முடியாத அளவு ஒளி உள்ளே இறங்கி, ஒளிச்சேர்க்கைக்கு வேண்டிய டி1 என்ற புரதத்தை உடைக்கிறது. செல் அதைப் பழுதுபார்த்துக்கொண்டேதான் இருக்கும். உடைகிற வேகத்துக்கு ஈடுகொடுக்க முடிவதில்லை.

தற்காப்பே இல்லை என்று நினைக்க வேண்டாம். வெயில் ஏறினால், டயட்டம்களில் (கீட்டோசெரஸ் இந்த வகைப் பாசிதான்) உள்ள டயடினோசாந்தின் என்ற நிறமி சில நிமிடங்களில் டயட்டோசாந்தினாக மாறி, மிகை ஒளியை வெப்பமாக வெளியேற்றிவிடும். வெளிச்சம் குறைந்தால் பழையபடி திரும்பிவிடும். ஆனால் நிழலில் வளர்ந்த செல்லிடம் இந்த நிறமியின் கையிருப்பு சொற்பம். அதைப் பெருக்கவும் பச்சையத்தைக் குறைக்கவும் ஒன்றிரண்டு நாட்களாவது வேண்டும்.

என் 1,000 லிட்டர் தொட்டி மாலைக்குள் வெளுத்தது. மறுநாள் காலையில் அடியில் பழுப்புச் சளியாகப் படிந்து கிடந்தது. அன்றைக்குத்தான் நாப்ளியஸ்கள் (இறாலின் முதல் பருவக் குஞ்சுகள்) அடுத்த பருவமான சோயியாவாக மாறின. நாப்ளியஸுக்கு மஞ்சள் கரு போதும். சோயியாவுக்கு உடனே பாசி வேண்டும். பக்கத்துப் பொரிப்பகத்தில் கடன் வாங்கிய பாசி பாதிக் குஞ்சுகளைத்தான் காப்பாற்றியது. முதலாளியிடம் உரத்தின் மேல் பழியைப் போட்டேன். உரம் நன்றாகத்தான் இருந்தது. இன்றைக்கும் தொட்டி வெளுத்தால் உரம், கடல்நீர், காற்றுக்கல் என்று ஒவ்வொன்றாகச் சந்தேகப்படுகிறார்களே தவிர, எத்தனை மணிக்கு ஊற்றினாய் என்று ஒருவரும் கேட்பதில்லை. அதுதான் எனக்கு எரிச்சல்.

மாலை 5 மணிக்கு ஊற்றுங்கள். இரவு கழிந்து, விடியல் வெளிச்சம் படிப்படியாக ஏறும்போது செல்லும் கூடவே ஏறிக்கொள்ளும். மேலே இரண்டடுக்கு நிழல்வலை போட்டு, ஒன்றை இரண்டாம் நாளும் மற்றதை மூன்றாம் நாளும் எடுங்கள். தொட்டிக் கொள்ளளவில் ஐந்தில் ஒரு பங்காவது விதைப்பாசி இருக்கட்டும். அடர்த்தி இருந்தால் செல்களே ஒன்றுக்கொன்று நிழல் தரும்.

நிறத்தைப் பார்த்து அடர்த்தி சொல்வது

மூன்று நாள் மேகம் போட்டால் தொட்டி கறுக்கும். செல்கள் பெருகியிருக்காது, நிறமிதான் கூடியிருக்கும். நுண்ணோக்கியில் எண்ணுங்கள்.

கண்ட நேரத்தில் எண்ணுவது

நானோகுளோராப்சிஸ் என்ற பாசி பகலில் பருக்கும், இரவில் பிளவுபடும். நேற்று மாலை எண்ணியதையும் இன்று காலை எண்ணியதையும் ஒப்பிட்டுவிட்டு, "வளர்ச்சி அபாரம்" என்று குறிப்பேட்டில் எழுதிவைக்கிறவர்கள் இருக்கிறார்கள். தினமும் ஒரே மணிக்கு எண்ண வேண்டும்.

இரவில் காற்றை நிறுத்துவது

நிறுத்தாதீர்கள். இருட்டில் பாசியும் ஆக்சிஜனைத்தான் இழுக்கும்.

நடுராத்திரியில் விளக்கைப் போட்டு எட்டிப் பார்ப்பது

பகல்-இரவு முறையில் ஓடும் அறைக்கு இந்த எச்சரிக்கை. பாசிக்குள் கடிகாரம் இருக்கிறது. வெளிச்சம் வரட்டும் என்று அது காத்திருப்பதில்லை. நீலப்பச்சைப் பாசியின் மூன்று புரதங்களை ஜப்பானில் நகோயா பல்கலைக்கழகத்தார் 2005-இல் ஏடிபி என்ற ஆற்றல் மூலக்கூறோடு சோதனைக்குழாயில் கலந்தார்கள். செல்லே இல்லாத அந்தக் கலவை, சுமார் ஒரு நாளைக்கு ஒரு சுற்று என்று ஓடியது. டயட்டம்களின் கடிகாரம் வேறு புரதங்களால் ஆனது என்றாலும், நேரங்கெட்ட வெளிச்சம் அதையும் முன்னேயோ பின்னேயோ தள்ளிவிடும். அப்புறம் மறுநாள் எண்ணிக்கை ஏன் பொருந்தவில்லை என்று என்னிடம் வந்து நிற்பார்கள்.