விசாவுக்குச் சான்றளித்த ஆவணங்கள்: முதல்முறை தயாரிப்பவர்களுக்கு

சில வருடங்களுக்கு முன்னால் என் விசா விண்ணப்பத்துக்காக ஒரு ஆவணக் கட்டைத் தயார் செய்தேன். நோட்டரி எல்லாப் பக்கங்களையும் சரிபார்த்து, ஸ்டேப்ளர் பின் அடித்து, பக்கங்கள் சேரும் இடத்தில் பாதி இங்கும் பாதி அங்கும் விழும்படி முத்திரை குத்திக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து ஸ்கேன் செய்ய உட்கார்ந்தால் பக்கம் தட்டையாகப் படியவே இல்லை. பின்னைப் பிடுங்கிவிட்டு அழகாக ஸ்கேன் செய்து, மறுபடி பின் அடித்து வைத்தேன். கவுண்டரில் இருந்தவர் பழைய பின் ஓட்டைகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கட்டைத் திருப்பித் தந்துவிட்டார்.

அவர் செய்தது சரிதான். பிரித்த கட்டில் நடுவே ஒரு பக்கத்தை நான் மாற்றியிருக்கலாமே. உங்களை அறியாத ஓர் அதிகாரி, அசலைப் பார்க்காமலே நகலை நம்ப வேண்டியிருக்கிறது. அதற்காக இடையில் ஒருவர் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போடுகிறார். அவர் கையெழுத்துக்கு இன்னொருவர் பொறுப்பேற்கிறார். இப்படி ஒவ்வொரு முத்திரையும் தனக்கு முந்தைய ஒன்றுக்கு மட்டுமே சாட்சி. இது பிடிபட்டால் எதை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்வது என்ற குழப்பம் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

நான்கு சொற்கள்

சுய சான்றொப்பம் என்றால் நகலில் நீங்களே கையெழுத்துப் போடுவது. சான்றளித்த நகல் என்றால் அசலையும் நகலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த வேறொருவர், இரண்டும் ஒன்றே என்று எழுதிக் கையெழுத்திடுவது. சான்றளித்த மொழிபெயர்ப்பில், மொழிபெயர்த்தவர் தன் வேலை முழுமையானது, சரியானது என்று உறுதி தருகிறார். அப்போஸ்டில் என்பது, ஆவணத்தில் இருக்கும் அதிகாரியின் கையெழுத்தும் முத்திரையும் உண்மையானவை என்று, ஆவணம் வழங்கப்பட்ட நாட்டின் அரசு தரும் சான்று. பேச்சில் எல்லாவற்றையும் ‘அட்டஸ்டேஷன்’ என்றே சொல்லிவிடுகிறோம். பட்டியலில் ஒன்று கேட்டிருக்க இன்னொன்றை வாங்கிக்கொண்டு போய் நிற்பது அதனால்தான்.

படி 1: பட்டியலைப் பிடியுங்கள்

விசா கொடுக்கும் நாட்டின் அரசுத் தளத்தில், உங்கள் விசா வகைக்கான ஆவணப் பட்டியலை எடுங்கள். போன வருடம் போன நண்பரின் பட்டியல் வேண்டாம். ஒவ்வொரு ஆவணத்துக்கும் எதிரே மூன்று விஷயம் குறியுங்கள்: எந்த வகைச் சான்று கேட்கிறார்கள், யார் சான்றளிக்கலாம், ஆவணம் எவ்வளவு பழையதாக இருக்கலாம். சில இணைய விண்ணப்பங்களுக்கு அசலின் கலர் ஸ்கேனே போதும், சான்றே வேண்டாம். அங்கே போய் இருபது முத்திரை வாங்குவது வீண் அலைச்சல்.

மூன்றாவது விஷயத்தில்தான் பலர் மாட்டுகிறார்கள். பிரிட்டன் மாணவர் விசாவில் பணத்தைக் காட்ட வேண்டியிருந்தால், அந்தத் தொகை தொடர்ந்து 28 நாள் கணக்கில் இருந்திருக்க வேண்டும். அந்த 28 நாள் முடியும் தேதி, விண்ணப்பிக்கும் நாளுக்கு முந்தைய 31 நாட்களுக்குள் வர வேண்டும். ஷெங்கன் விசாவுக்கு (பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான விசா), பாஸ்போர்ட் கடந்த 10 ஆண்டுகளுக்குள் வழங்கப்பட்டதாகவும், நீங்கள் திரும்பும் நாளுக்குப் பிறகு குறைந்தது 3 மாதம் செல்லுபடியாவதாகவும் இருக்க வேண்டும். இரண்டு வெற்றுப் பக்கங்களும் தேவை. ஆகவே பிறப்பு, திருமண, கல்விச் சான்றுகளை முதலில் முடியுங்கள், அவை பெரும்பாலும் பழையதாவதில்லை. வங்கிக் கணக்கு அறிக்கை, வேலை பார்க்கும் இடத்துக் கடிதம் போன்றவை கடைசியில்.

படி 2: பெயரை எழுத்து எழுத்தாகப் பாருங்கள்

பாஸ்போர்ட்டை மேசையில் விரித்து வைத்துக்கொண்டு மற்ற ஒவ்வொரு தாளையும் அதோடு ஒப்பிடுங்கள். ஒன்றில் முதலெழுத்து மட்டும் இருக்கும், இன்னொன்றில் முழுப்பெயர். திருமணத்துக்கு முந்தைய பெயர், ஓர் எழுத்து கூடிய பெற்றோர் பெயர், நாளும் மாதமும் இடம் மாறிய பிறந்த தேதி, இவையெல்லாம் சர்வசாதாரணம். நோட்டரி பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடாதீர்கள். நகல் அசலைப் போலவே இருக்கிறதா என்பதுதான் அவர் பார்ப்பது. அசலில் பிழை இருந்தால் அந்தப் பிழைக்கும் சேர்த்தே முத்திரை விழும். ஆவணம் கொடுத்த அலுவலகத்திலேயே திருத்தி வாங்க முடிந்தால் அதுதான் நல்லது. முடியாவிட்டால், இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கிறது என்று ஒரு பிரமாணப் பத்திரம் இணையுங்கள்.

படி 3: நகல்

பின்பக்கத்தையும் எடுங்கள். அங்கே ஒரு சிறு முத்திரையோ பதிவு எண்ணோ இருந்தால் அதுவும் ஆவணத்தின் பகுதிதான். நாலு ஓரமும் தெரிய வேண்டும். கறையை அழிப்பது, மங்கலான எழுத்தைப் பேனாவால் அழுத்துவது எல்லாம் கூடவே கூடாது. இன்னும் லேமினேட் செய்யாத சான்றிதழ் இருந்தால் தயவுசெய்து அப்படியே விடுங்கள். பிளாஸ்டிக் மேல் முத்திரை பதியாது, உள்ளே புடைப்பு முத்திரை இருக்கிறதா என்று தடவிப் பார்க்கவும் முடியாது.

படி 4: சான்றளிப்பவரிடம்

அசல், நகல், உங்கள் அடையாள அட்டை மூன்றையும் கொண்டுபோங்கள். அசல் இல்லாமல் ‘தெரிந்தவர்தானே’ என்று போட்டுத் தரும் கையெழுத்துக்கு மதிப்பில்லை. உறவினர், வாழ்க்கைத் துணை, ஒரே வீட்டில் இருப்பவர் யாரும் சான்றளிக்கக் கூடாது என்று பல நாடுகள் சொல்கின்றன. யார் சான்றளிக்கலாம் என்பது நாட்டுக்கு நாடு மாறும். ஓரிடத்தில் ஆசிரியரோ வங்கி அதிகாரியோ போதும், இன்னோரிடத்தில் நோட்டரிதான் வேண்டும்.

கவுண்டரை விட்டு நகர்வதற்கு முன் நகலில் இவை இருக்கிறதா பாருங்கள்: ‘நான் பார்த்த அசலின் உண்மை நகல் இது’ என்ற பொருளில் ஒரு வாக்கியம், கையெழுத்து, தேதி, அவர் பெயர் தெளிவான எழுத்தில், அவர் பதவி. பிரிட்டனுக்கு அவருடைய முகவரியும் தொலைபேசி எண்ணும் வேண்டும். கனடாவுக்கு அசல் ஆவணத்தின் பெயரையும் எழுத வேண்டும். வெறும் வட்ட முத்திரையும் கிறுக்கலும் மட்டும் இருந்தால், கூச்சப்படாமல் கேட்டு எழுதி வாங்குங்கள். பல பக்க ஆவணமென்றால் மொத்தம் எத்தனை பக்கம் என்று குறிக்கச் சொல்லி, ஒவ்வொரு பக்கத்திலும் சுருக்கொப்பம் (இனிஷியல்) வாங்கிவிடுங்கள்.

படி 5: அப்போஸ்டில் கேட்டிருந்தால்

எல்லோருக்கும் இது தேவைப்படாது. கேட்கவில்லை என்றால் அடுத்த படிக்குப் போய்விடலாம்.

ஒரு காலத்தில் வெளிநாட்டில் ஒரு தாளைக் காட்ட வேண்டுமானால் வெளியுறவு அமைச்சகம், பிறகு போகும் நாட்டின் தூதரகம் என்று படியேற வேண்டியிருந்தது. 1961 அக்டோபர் 5 அன்று உருவான ஹேக் உடன்படிக்கை அந்தச் சங்கிலியை ஒரே சான்றாகச் சுருக்கியது. எந்த நாடு கொடுத்தாலும் அதன் அமைப்பு ஒன்றுதான்: குறைந்தது 9 செ.மீ. பக்கமுள்ள சதுரம், எண்ணிட்ட பத்து விவரங்கள். எட்டாவது இடத்தில் இருக்கும் எண்ணை வைத்துத்தான் அதைக் கொடுத்த அலுவலகத்தின் பதிவேட்டில் சரிபார்ப்பார்கள்.

ஆவணத்தின் உள்ளடக்கம் உண்மை என்று அப்போஸ்டில் சொல்வதில்லை. கையெழுத்து யாருடையது, அவர் என்ன பதவியில் போட்டார், முத்திரை யாருடையது, அவ்வளவுதான். இதனால் ஒரு நுணுக்கம் வருகிறது. பிறப்புச் சான்றின் அசலில் அப்போஸ்டில் வாங்கினால் அது பதிவாளரின் கையெழுத்துக்குச் சாட்சி. அதன் நோட்டரி நகலில் வாங்கினால் நோட்டரியின் கையெழுத்துக்கு மட்டுமே சாட்சி. இரண்டும் ஒன்றல்ல. சில அலுவலகங்கள் இரண்டாவதை ஏற்காது. எதன் மேல் வேண்டும் என்று முன்பே கேட்டுவிடுங்கள்.

ஆவணம் எந்த நாட்டில் பிறந்ததோ அந்த நாடுதான் அப்போஸ்டில் தர முடியும். தூதரகம் எழுதிக் கொடுத்த தாளுக்கு இந்த உடன்படிக்கை பொருந்தாது. தாள் பிறந்த நாடு, போகும் நாடு இரண்டும் உறுப்பினராக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பழைய தூதரகப் பாதைதான். சீனாவில் இது 2023 நவம்பர் 7 முதலும், கனடாவில் 2024 ஜனவரி 11 முதலும்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய அறிவுரைகள் இணையத்தில் இன்னும் உலவுகின்றன, ஜாக்கிரதை.

படி 6: மொழிபெயர்ப்பு

நான் பார்த்தவரை அதிகம் தவறும் இடம் வரிசைதான். முதலில் மொழிபெயர்த்துவிட்டு, அப்புறம் அசலில் அப்போஸ்டில் வாங்கினால், அந்தப் புதிய முத்திரைப் பக்கம் மொழிபெயர்ப்பில் இருக்காது. எனவே பொதுவாக முத்திரைகள் எல்லாம் விழுந்தபிறகு மொழிபெயர்ப்புக்குக் கொடுங்கள். மொழிபெயர்ப்பின் மேலேயே நோட்டரி சான்றும் அப்போஸ்டிலும் வேண்டும் என்று கேட்கும் நாடுகளும் உண்டு. அங்கே அது தனி வரிசை, தனிச் செலவு.

பிரிட்டன் கேட்பது: மூலத்தின் சரியான மொழிபெயர்ப்பு என்ற உறுதிமொழி, தேதி, மொழிபெயர்த்தவரின் முழுப்பெயர், கையெழுத்து, தொடர்பு விவரம். அமெரிக்கக் குடிவரவு விதிப்படி, மொழிபெயர்ப்பு முழுமையானது, சரியானது என்பதோடு, அதைச் செய்யத் தனக்குத் தகுதி உண்டு என்றும் அவர் எழுதித் தர வேண்டும். கனடாவுக்கு நீங்களோ உங்கள் குடும்பத்தாரோ மொழிபெயர்த்துக் கொடுக்க முடியாது, எவ்வளவு மொழி வளம் இருந்தாலும் சரி. எங்கானாலும், முத்திரைக்குள் இருக்கும் எழுத்து, ஓரத்துக் கைக்குறிப்பு எதையும் விட்டுவிடாமல் மொழிபெயர்க்கச் சொல்லுங்கள். பெயர் மட்டும் பாஸ்போர்ட்டில் இருப்பதுபோலவே இருக்க வேண்டும்.

படி 7: ஸ்கேன்

அசல், சான்று, மொழிபெயர்ப்பு மூன்றையும் அதே வரிசையில் ஒரே பிடிஎஃப் கோப்பாகச் சேருங்கள். கோப்பின் பெயரில் ஆவணம் என்னவென்று எழுதுங்கள். தளம் சொல்லும் அளவு வரம்புக்குள் சுருக்கிய பிறகு, முத்திரையின் சிறு எழுத்து இன்னும் படிக்க முடிகிறதா என்று பெரிதாக்கிப் பாருங்கள்.

அப்புறம் அந்தப் பின். கட்டைப் பிரிக்காமல், ஒவ்வொரு பக்கத்தையும் மூலையில் மெதுவாக மடித்துத் திருப்பி, நேர் மேலிருந்து ஃபோன் ஸ்கேனரில் எடுங்கள். மூலையில் கொஞ்சம் நிழல் விழும். விழட்டும்.