டே லில்லி ரகங்கள் சேர்க்க

டே லில்லியில் ஒரு பூ ஒரு நாள்தான் நிற்கும். ஆனால் ஒரே தண்டில் பல மொட்டுகள் வருவதால் பூக்கும் காலம் வாரக்கணக்கில் நீளும். ரகம் சேர்க்கிறவர்கள் விதையை நம்ப வேண்டாம். கலப்பின விதையில் தாய்ச்செடியின் நிறம் அப்படியே வராது. தூரைப் பிரித்து நடுவதுதான் சரி.

3, 4 வருடத்தில் தூர் நெருக்கமாகிப் பூ குறையும். பூத்து ஓய்ந்ததும் முழுத் தூரையும் தோண்டி, மண்ணைக் கழுவுங்கள். எங்கே பிரியும் என்பது அப்போதுதான் தெரியும். ஒவ்வொரு துண்டிலும் இரண்டு மூன்று குருத்தும் நல்ல வேரும் இருக்கட்டும். இலையை ஒரு சாண் விட்டு வெட்டி, வேரும் இலையும் சேரும் இடம் 2 செ.மீ. ஆழத்தில் இருக்கும்படி நடுங்கள். அப்புறம் நிறையத் தண்ணீர்.

பெயர் அட்டையை நான் பென்சிலில்தான் எழுதுவேன். மார்க்கர் மை வெயிலில் வெளுத்துவிடும். வீட்டில் பூனை இருந்தால் இந்தச் செடியே வேண்டாம், அதற்கு இது நஞ்சு.